ஹைனருக்கு வைத்த தண்ணீர்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். யார் தலையிலும் அடித்துச் சத்தியம் செய்ய எனக்குத் தெம்பில்லை. எங்கள் கடற்கரை ஊரான கார்தஹேனாவில், ஹெத்செமனிப் பகுதியில், நானும் நெல்சி அக்காவும் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடும் பச்சைக் கதவு வீட்டில் நடந்தது இது. அதுவும் பட்டப்பகலில்.

அக்காவின் ஒரே மகன் ஹைனர். படகுக்காரன். ரொசாரியோ தீவுகளுக்குச் சாமான் இறக்கப் போனவன் திரும்பி வரவில்லை. அன்று மாலை கடலில் சூறைக்காற்று. தேடப் போனவர்களுக்குக் கிடைத்தது அவனுடைய ஐஸ்பெட்டியும் ஒரு துடுப்பும்தான். ஐந்தாம் நாள் காலையில் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். அன்றைக்கே அக்கா ஒன்பது நாள் சடங்கைத் தொடங்கிவிட்டாள்.

செத்தவர்களுக்காக எங்கள் வீடுகளில் வெள்ளைத் துணி விரித்து, அவர்கள் படம் வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, ஒரு டம்ளர் தண்ணீர் வைப்போம். களைத்து வரும் ஆவி குடிப்பதற்கு. தண்ணீர் குறைந்தால் அது வந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்பதாம் நாள் துணியை எடுத்ததும் நிம்மதியாகப் போய்ச் சேரும். வராமலே போன ஆவி...? அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

உடம்பே கிடைக்காத பிள்ளைக்கு வீட்டுக்கு வழி தெரியுமா என்பதுதான் அக்காவின் கவலை. சோற்றைத் தொடவில்லை. "ஒரு வாய் குடிச்சான்னு தெரிஞ்சாப் போதும்டி எனக்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். மாலையானால் அக்கம்பக்கத்தார் தெருவில் நாற்காலி போட்டு, காப்பி குடித்து, டோமினோக் காய் ஆடி, ஹைனர் செய்த சேட்டைகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். துக்க வீட்டை நாங்கள் அப்படித்தான் தாங்கிப் பிடிப்போம். அக்கா மட்டும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சடங்கின் முதல் நாள் மதியமே தண்ணீர் பாதியாகிவிட்டது. வெயில் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் டம்ளர் காலி. அக்கா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். நான் தரையைப் பார்த்தேன். ஈரக் கால்தடம் ஒன்று. சின்னப் பாதம். எங்கள் ஹைனருக்குத் துடுப்பு மாதிரிக் கால்.

எனக்குக் கோபம்தான் வந்தது. முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஒண்டியாக ஊர் சுற்ற வருகிறவர்களை எனக்குத் தெரியும். கண்ணில் பட்டதை எடுத்துக் குடிப்பார்கள். யாராக இருந்தாலும் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

நான்காம் நாள். மதியம் இரண்டேகால் மணி. வெயிலுக்குப் பயந்து ஊரே தூங்கும் நேரம். வாசல் கதவை நானே தாழ்போட்டேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

சொட்... சொட்... என்று ஒரு சத்தம்.

குழாய் என்று நினைத்தேன். குழாய் மூடியிருந்தது.

எட்டிப் பார்த்தேன். கூடத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. உதடு வெடித்து, உப்புப் பூத்திருந்தது. முதுகில் பெரிய நீலப் பை. அறுந்துபோன அதன் பட்டையைப் பச்சைத் தூண்டில் நரம்பால் யாரோ முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

"இங்க வந்தா தண்ணி குடுப்பாங்கன்னு சொன்னாங்க" என்றாள். எங்கள் கண்டத்தின் தெற்குக் கோடி, அர்ஜென்டினாப் பக்கத்துப் பேச்சு.

நான் வாயைத் திறப்பதற்குள் டம்ளரை எடுத்துவிட்டாள்.

"வை கீழே. அது செத்தவங்களுக்கு வெச்சது."

அவள் நிறுத்தவில்லை. கடைசிச் சொட்டுவரை குடித்தாள். டம்ளரை இருந்த இடத்திலேயே வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"தெரியும்" என்றாள்.



கண்ணை மூடித் திறந்தேன்.

யாருமில்லை.

தாழ் போட்டபடியே இருந்தது. மாடியில் தங்கியிருந்தவர்கள் இரண்டு பையன்கள் மட்டும்தான். தரையில் கிடந்த ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

அக்கா எழுந்து வந்து காலி டம்ளரைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாகத் தேங்காய்ச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அந்த முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்வது? சொல்லவில்லை. அதன் பிறகு தினமும் டம்ளர் காலியானது. மதிய வேளையில் நான் என் அறையை விட்டு வெளியே வரவில்லை.

ஒன்பதாம் நாள் மாலை. துணியை எடுக்க அக்கா கையை நீட்டியபோது தொலைபேசி அடித்தது. நடுக்கடலில் ஒரு சரக்குக் கப்பல் ஹைனரை மீட்டிருந்தது.

உயிரோடு!

தெருவே ஆடிப் பாடியது. நான் மட்டும் காலி டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படியானால்... இத்தனை நாளும் தண்ணீர் குடித்தது யார்?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஹைனர் எலும்பும் தோலுமாக இருந்தான். அக்கா அவனைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அவள் தோளுக்கு மேலாக வீட்டைச் சுற்றிப் பார்த்தான். அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அம்மா, தண்ணி கேட்டு யாராவது வந்தாங்களா?"

பிறகு அழுதுகொண்டே சொன்னான். தீவில் கடைசிப் படகைத் தவறவிட்டு ஒரு பெண் தனியாக நின்றாளாம். பாவம் பார்த்து ஏற்றிக்கொண்டானாம். பெயர் அயெலென். அர்ஜென்டினாக்காரி. தனியாகச் சுற்றுகிறவள் என்பதால் அவளைத் தேட யாருக்கும் தோன்றவில்லை. அவள் படகில் இருந்தது எங்களுக்கும் தெரியாது. சூறைக்காற்றில் படகு நடுக்கடலுக்கு அடித்துப் போன பிறகு, இருந்த தண்ணீர் மூன்றாம் நாளே தீர்ந்துவிட்டது. அவள் அழும்போதெல்லாம், கரை சேர்ந்ததும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன், பச்சைக் கதவு, அம்மா வயிறு நிறையத் தண்ணீர் தருவாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம்.

கடலில் ஐந்தாம் நாள் விடியற்காலையில் அவள் மூச்சு அடங்கிவிட்டது. அன்று இரவே மழை கொட்டியது. அவன் பிழைத்தான்.

நான் மெதுவாகக் கேட்டேன். "நீலப் பையா அவளுக்கு? பட்டை அறுந்து, பச்சை நரம்புல கட்டினது?"

ஹைனர் என்னையே வெறித்துப் பார்த்தான்.

"பட்டை நல்லாத்தான் இருந்துச்சு சித்தி. அவளைக் கடல்ல விடும்போதுதான் அறுந்துச்சு. வெறுங்கையோட அனுப்ப மனசு வரலை. நான்தான் நரம்பை வெச்சுப் பையை அவ முதுகோட கட்டினேன்."

 அக்கா எழுந்தாள். அன்று எடுக்காமலே விட்ட துணியின் மேலிருந்து ஹைனரின் படத்தை எடுத்தாள். துணியை எடுக்கவில்லை. டம்ளரைக் கழுவி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றினாள். பக்கத்தில் ஒரு செம்பு நிறையவும் வைத்தாள்.

"குடிம்மா" என்றாள்.