எளிமை மேடத்தின் ஒரு பக்கம்

அந்தப் பொருளாதார ஆய்வு நிறுவனத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த பதவியின் பெயர் 'பொதுமக்கள் புரிதல் அலுவலர்'. பொதுமக்களில் ஒருவருக்கும் அந்தப் பெயர் புரிந்ததில்லை. எங்காவது விண்ணப்பம் நிரப்பப் போனால், கவுண்டரில் இருப்பவர் "இது என்ன வேலைங்க?" என்று கேட்பார். அவள் விளக்குவாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் 'இதர' என்று எழுதிக்கொள்வார். அலுவலகத்தில் அவளுக்கு எளிமை மேடம் என்று பெயர். கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள், அவள் அதைப் பட்டமாக வாங்கி வைத்துக்கொண்டாள்.

வேலை இதுதான். மாடியில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியர்கள் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு ஓர் ஆய்வை முடிப்பார்கள். எண்பது, தொண்ணூறு பக்கம் இருக்கும். எழுதியவரும் அவருடைய போட்டியாளரும் தவிர மூன்றாவது ஆள் அதைத் தொடமாட்டார். போட்டியாளரும் தன் பெயர் வந்திருக்கிறதா என்று கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவார். அந்த மூட்டையை அவள் ஒரே பக்கமாக, தெருவில் போகிறவருக்கும் விளங்கும்படி எழுதித் தரவேண்டும்.

எழுதியதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவர் முன்னால் வாசிப்பாள். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். சாக்ஸைக் கழற்றியபடி கேட்பார். அவர் எந்த இடத்தில் கொட்டாவி விடுகிறாரோ அந்த இடத்தை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதுவாள். வெளியிடும் நாள்வரை முடிவை யாரிடமும் மூச்சுவிடக்கூடாது என்று அலுவலகத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கணவர் அந்த 'யாரிடமும்' என்பதில் வரமாட்டார் என்று அவளே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். அவர் ஒரு கருவிதானே!

இப்படிப் போய்க்கொண்டிருந்தவளிடம்தான் அந்தப் பயிற்சித் திட்டத்தைப் பற்றிய ஆய்வு வந்து சேர்ந்தது. வேலைக்கு வழிகாட்டுகிறோம் என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்யும் ஒரு வருடப் பயிற்சி. அவளுடைய தங்கை, கண்ணாடிக் கடையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு அதில்தான் சேரப்போவதாக ஒரு மாதமாக ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடிக் கடையிலோ அவளை மேற்பார்வையாளர் ஆக்குவதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் யோசிச்சு செய்டி" என்று அக்கா சொன்னதும் தங்கைக்கு மூக்குமேல் கோபம் வந்தது.

"நான் எதைத் தொட்டாலும் நீ வேண்டாம்னுதான் சொல்வே. வேற ஏதாவது சொல்லியிருக்கியா?"

"நான் ஒண்ணும் சொல்லலை. எங்க ஆபீஸ்லேர்ந்து இதைப் பத்தி ஒரு பக்கம் வெளியாகும். அதைப் படிச்சுட்டு முடிவு பண்ணு."

"நீ எழுதறதா?"

"நான்தான்."

"சரி, அதுல என்ன இருக்கோ அதுபடி செய்யறேன். போதுமா?"

போதும் என்றுதான் அக்காவுக்குத் தோன்றியது. அன்று உட்கார்ந்து அவள் எழுதியது வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருந்தது. 'இந்தப் பயிற்சியில் சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் பிறகு கிடைத்த வேலையிலும் சம்பளத்திலும் வித்தியாசம் இல்லை. சேருவதற்காக, இருந்த வேலையை விட்டவர்களுக்குப் பழைய நிலைக்குத் திரும்பவே வெகுகாலம் பிடித்தது.' கணவர் கொட்டாவி விடவில்லை. சாக்ஸைக் கையில் பிடித்தபடி, "அடப்பாவமே! இதை உன் தங்கச்சிகிட்ட இப்பவே போன் பண்ணிச் சொல்லிடேன்" என்றார்.

"நான் சொன்னா அவ கேட்கமாட்டா. அச்சுல வரட்டும், அப்புறம் பாருங்க."

அலுவலக விதிக்குப் பயந்தது பாதி. தன் எழுத்து தன் வாயைவிடக் கெட்டிக்காரி என்ற கர்வம் மீதி. அதை அவள் ஒப்புக்கொள்ளமாட்டாள், நாம் ஒப்புக்கொள்ளலாம்.

அந்தப் பக்கம் அலுவலகத்தின் ஒப்புதல் கூட்டத்துக்குப் போயிற்று. ஏசி எலும்பைத் துளைக்கும் அறை. ஆய்வைச் செய்த பேராசிரியர் முதல் வரியிலேயே முகத்தைச் சுளித்தார்.

"மேடம், 'இல்லை'ன்னு நாங்க எப்பவுமே சொல்றதில்லை. இருக்குறதாக் கண்டறிய முடியலைன்னுதான் சொல்லுவோம்."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

அவருடைய அப்பாவைப் பற்றி ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதுபோல அவர் அவளைப் பார்த்தார்.

அடுத்து புள்ளிவிவரக்காரர் தொண்டையைக் கனைத்தார். பெரிய ஊர்களில் இருக்கும், ஏற்கெனவே பட்டம் வாங்கிய, வேலை தேடிக்கொண்டிருந்த சிலருக்குக் கொஞ்சம் பலன் தெரிகிறது, அதை மறைத்தால் நேர்மை ஆகாது என்றார். அப்படி எத்தனை பேர் என்று அவள் கேட்டாள். பதினோரு பேர் என்றார், கொஞ்சம் மெதுவாக.

இயக்குநர் கடைசியில் வாயைத் திறந்தார். எந்தப் பக்கமாக இருந்தாலும் அதில் ஒரு நம்பிக்கை வாக்கியம் இருந்தே ஆகவேண்டும் என்பது அந்த நிறுவனத்தில் அவர் கொண்டுவந்த வழக்கம். பணவீக்கம், பட்டினி எதுவானாலும் விடமாட்டார். "ஜனங்க ஏற்கெனவே நொந்து போயிருக்காங்க மேடம். நாமளும் சேர்ந்து ஏன் அழவைக்கணும்?"

எல்லோரும் சொன்னதையும் சேர்த்து அவள் எழுதியபோது முதல் வாக்கியம் ரயில் வண்டியாக நீண்டது. 'பொதுவாக வேலைவாய்ப்பில் மாற்றம் எதுவும் கண்டறியப்படவில்லை என்றபோதிலும்' என்று கிளம்பி, நாலு வரி தாண்டி, 'சிலருக்குப் பலன் இருக்கக்கூடும்' என்று மூச்சுவாங்கி நின்றது. அதை எளிமை பார்க்கும் மென்பொருளில் போட்டார்கள். அதில் பச்சை விளக்கு எரிந்தால்தான் பக்கம் அச்சுக்குப் போகும். சிவப்பு எரிந்தது. வாக்கியத்தை வெட்டினார்கள். வெட்டியதில் எது சின்னதாக இருந்ததோ அது பக்கத்தில் தங்கியது. பெரியதை எல்லாம், விருப்பமிருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று முழு அறிக்கைக்கு அனுப்பினார்கள். கடைசியில் நின்றது இது: 'ஒரு வருடப் பயிற்சியை ஆராய்ந்தோம். சிலருக்குப் பலன் கிடைத்திருக்கிறது. பலன் ஆளுக்கு ஆள் மாறும். கற்றது எப்போதாவது கைகொடுக்கும்.'

பச்சை எரிந்தது.

"சார், இதைப் படிச்சா போய்ச் சேருங்கன்னு சொல்ற மாதிரி இருக்கே" என்று அவள் கேட்டுத்தான் பார்த்தாள்.

"இதுல எந்த வாக்கியம் தப்பு, சொல்லுங்க" என்றார் பேராசிரியர்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் யோக்கியமாகத்தான் இருந்தது. "நம்ம நிறுவனத்துலேயே இவ்வளவு எளிமையா எதுவும் வந்ததில்லை மேடம்" என்று இயக்குநர் எல்லோர் முன்னாலும் சொன்னபோது அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது உண்மை. குளிர்ந்த சூட்டோடு கையெழுத்துப் போட்டாள். அந்தப் பக்கத்தை மட்டும் அவள் கணவரிடம் வாசிக்கவில்லை. வெளியாகும் அன்று சாயங்காலம் தங்கையை நேரில் பார்த்து விஷயத்தைப் போட்டு உடைத்துவிடலாம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வெளியான அன்று காலையே அந்தப் பக்கம் போன் போனாகப் பரவியது. அத்தனை சின்னது, அத்தனை எளிது. யாருக்குத்தான் அனுப்பத் தோன்றாது! அலுவலகத்தில் கைதட்டினார்கள். கைதட்டலை வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்து, நினைத்தபடி சாயங்காலம் தங்கை வீட்டுக் கதவைத் தட்டினாள்.

தங்கை முகமெல்லாம் பல்லாகக் கதவைத் திறந்தாள்.

"அக்கா, வேலையை விட்டுட்டேன்! உன் பக்கத்தைப் படிச்ச உடனே போய் எழுதிக் குடுத்துட்டேன். உங்க ஆபீஸ் சொல்றது இன்னைக்குத்தான் எனக்கு முழுசாப் புரிஞ்சுது."

அக்கா செருப்பைக் கழற்றாமலே பேசினாள்.

"அது அப்படி இல்லடி. பலன் எதுவும் இல்லைன்னுதான் ஆய்வுல வந்துருக்கு. வேலையை விட்டவங்க ரொம்பக் கஷ்டப்பட்டிருக்காங்க."

"இதுல அப்படி எங்க இருக்கு? காட்டு."

தங்கை போனை நீட்டினாள். அக்கா பக்கத்தைப் பெரிதாக்கினாள், மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். தானே எழுதியதில் தானே தேடினாள். எழுத்து பெரிதாகிக்கொண்டே போனதே தவிர, தேடியது வரவில்லை.

"திரும்பப் போய்க் கேட்டுப் பாரேன். உன்னை அவங்களுக்கு நல்லாத் தெரியுமே."

"மத்தியானமே என் இடத்துல வேற பொண்ணை உட்கார வச்சுட்டாங்க." தங்கையின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே, அக்கா."

"சொன்னா நீ கேட்டிருக்கமாட்டே."

"கேட்டிருக்கமாட்டேன்தான்" என்றாள் தங்கை. "ஆனா புரிஞ்சிருக்கும்ல?"