என்னோட இருமல்

ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸ் என் கையில் ஸ்பிரிட் தடவியதும், விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகளுக்குப் பக்கத்தில் இருந்த, இப்போது செல்போன் கடையாகிவிட்ட ஹோமியோபதி டாக்டரம்மாவின் அந்த ஒற்றை அறை அதே வாசனையோடு கண் முன்னால் வந்து நின்றது.

நானும் வசந்தியும் இரட்டைப் பிள்ளைகள். ஒரே துணியில் கவுன், ஒரே கரண்டியில் டானிக், ஒருத்தி இருமினால் ரெண்டு பேருக்கும் கஷாயம். பீங்கான் பொம்மை வார்க்கும் வேலைக்குப் போய்வந்த அம்மா, எங்கள் இருமலுக்காக டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனபோதும், "ரெண்டும் ஒரே அச்சுங்க, ஒரு மருந்தே போதுங்க" என்றாள்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. பாப்பா, நீ சொல்லு."

படுத்தால் இருமல் வருமா, வெந்நீர் பிடிக்குமா பச்சைத் தண்ணீரா, இருட்டென்றால் பயமா, எதற்கு அழுகை வரும் என்று, பெஞ்சில் கம்மாபுரத்து ஆட்கள் காத்திருப்பதைக் கண்டுகொள்ளாமல் டாக்டரம்மா கேட்டுக்கொண்டே போனார். எனக்குப் போர்வை புழுங்குது, ஜன்னல் தொறந்து இருக்கணும், அவளுக்குத்தான் குளிரும் என்றேன்.

அம்மா திகைத்துப்போனாள். "இத்தினி நாளா சொல்லவே இல்லியேடி?"

"யாரும் கேக்கலியே."

ரெண்டு புட்டி வந்தது, வேறு வேறு மருந்து. என்னுடையதில் என் பெயர் மட்டும். வெளியே வந்ததும் வசந்தி, "ஒரு உருண்டை குடுடி" என்று கை நீட்டினாள்.

"முடியாது. இது எனக்குன்னு குடுத்தது."

இருமல் அந்தச் சர்க்கரை உருண்டையால் போச்சா, தானாகப் போச்சா, தெரியாது. ஆனால் அன்றைக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நெஞ்சை நிமிர்த்தி, தெருவே திரும்பிப் பார்க்க இருமிக்கொண்டு போனேன். அது என்னோட இருமல்.