மூடி இறுகிய குப்பி

ஸ்ரீவில்லிபுத்தூரில் உபதேசியாராக இருந்த எலியேசரின் மனைவி ஞானரத்தினம். யுத்த காலத்தில் சீமையிலிருந்து திராட்சரசம் வருவது நின்றுபோனது. சபையின் திருவிருந்துக்கு அவள்தான் ரசம் வைத்துக் கொடுத்தாள். கம்பத்துப் பக்கத்துக் கறுப்புத் திராட்சையைப் பிசைந்து, சீனி போட்டு, பீங்கான் ஜாடியில் முக்கால் அளவே நிரப்புவாள். மறுநாளே நுரை ஏறும். பொங்கி வழியாமல் மரக்கரண்டியால் கிண்டி அமுக்கி, ஜாடியின் வாயில் துணி கட்டுவாள். நுரை தணிந்ததும் வடித்துக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றித் தக்கையைத் தளர்வாக வைப்பாள்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு ரசம் வடித்த சமயத்தில், தளவாய்புரத்தில் அவள் தங்கைக்குப் பிரசவ வலி கண்டது.

"தக்கைய இறுக்கிராதீங்க. உள்ள இன்னும் பொங்கிக்கிட்டுத்தான் கெடக்கு. காத்து வெளிய போகணும்" என்று கணவனிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள்.

அவள் போனபிறகு சபை மூப்பர் பரிபூரணம் வந்தார். வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தார்.

"என்ன உபதேசியாரே, வீடு கள்ளுக்கடை மாதிரி வாடை அடிக்கி? தெருவுல பேசுதாங்க."

எலியேசர் மானத்துக்கு அஞ்சியவர். மூப்பரின் தலை மறைந்ததும் தக்கையை அழுத்தி, சணல் கயிற்றால் கட்டி, மேலே அரக்கும் உருக்கி ஊற்றினார். வாடை நின்றது. இரண்டொரு நாள் கழித்து, குப்பி கசிகிறதா என்று குனிந்து பார்க்கும்போது அது வெடித்தது.

ஞானரத்தினம் திரும்பி வந்தபோது அவர் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு கண்ணை எடுத்துவிட்டார்கள். சில மாதங்களில் மற்றக் கண்ணும் மங்கி இருண்டது.

"சொல்லிட்டுத்தானே போனேன்" என்று ஒரே ஒருமுறை கேட்டாள்.

"வாடைன்னு சொன்னாவ" என்றார்.

வேதம் வாசிக்க முடியாதவருக்கு உபதேசியார் வேலை எப்படி நிலைக்கும்? சபை வீட்டைக் காலிசெய்து ராஜபாளையத்துக்கு வந்தார்கள். அவள் பஞ்சு மில்லில் கழிவு பொறுக்கப் போனாள். அவர் வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டு இருந்தார்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு முன் பரிபூரணமே தேடி வந்தார்.

"ஒம்ம கைப்பக்குவம் வேற யாருக்கும் வரலம்மா. இந்தத் தடவயும் வச்சுத் தாரும்."

"எங்கிட்டயா கேக்கீக?" என்றாள் ஞானரத்தினம்.

உள்ளேயிருந்து எலியேசர் குரல் கொடுத்தார். "செஞ்சு குடு ஞானம். கர்த்தருக்குத்தானே."

செய்தாள். நுரை எழும்பிய நாள்களில் மில்லுக்குப் போகாமல் ஜாடியின் பக்கத்திலேயே கிடந்தாள். அந்தப் புஸ்ஸென்ற சத்தம் கேட்டதுமே எலியேசர் தடியை ஊன்றித் தெருவில் போய் வெயிலில் உட்கார்ந்துகொண்டார். எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை.

பழைய சபையின் கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவர் கையைப் பிடித்துப் பீடத்தருகே அழைத்துப் போனாள். அப்பத்தை வாங்கினார். பாத்திரம் உதட்டைத் தொட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாதிரி ஐயர் சற்று நின்று, அடுத்தவரிடம் நகர்ந்தார்.

சாகும்வரை அவர் திருவிருந்துக்குப் போகவில்லை. அவள் வருஷந்தோறும் ரசம் வைத்தாள். கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்ல அவளுக்குத் தெம்பு இருக்கவில்லை.