நான் வென்ற வாதமும் அக்காவின் வண்டியும்

அக்காவின் லோடு வண்டி எங்கள் தெருவில் நிற்கும் மற்ற வண்டிகளைவிட ஒரு சாண் உயரம். வாழைத்தோட்டத்துப் பாதைகளில் அடி தட்டாமல் போவதற்காக, அச்சுகளின் மேல் கூடுதல் ஸ்பிரிங் பட்டைகள் போட்டு அவளே உயர்த்திக்கொண்டது. "என்னக்கா, வண்டிக்கு ஹீல்ஸ் மாட்டிருக்கீங்க?" என்று கேலி செய்யாத ஓட்டுநர் ஆரப்பாளையத்தில் இல்லை. "ஒங்க வண்டி தோட்டத்துக்குள்ள தரையக் கும்பிடுறப்ப தெரியும்ணே" என்பாள் அவள்.

ஒரு காலை, திருமங்கலத்தைத் தாண்டிய இடத்தில் கிளட்ச் போய் அந்த வண்டி நின்றது. வாழைத்தார்களை வேறொரு வண்டிக்கு மாற்றி அதிலேயே சந்தைக்குக் கிளம்பிய அக்கா, உடன் சென்றிருந்த என்னிடம், "ரெக்கவரி வண்டி வரும். வீட்டுல கொண்டாந்து சேத்துரு" என்றாள்.

வந்த ஓட்டுநர் கழுத்தில் துண்டு போட்ட, சற்றே பருத்த மனிதர். முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டி, பின்சக்கரங்களை உருளவிட்டு இழுப்பது அவர் வழக்கம். "ஜாயிண்ட்டக் கழட்டிட்டு இழுப்போம் தம்பி" என்றார். கியர்பாக்ஸையும் பின்சக்கரங்களையும் இணைக்கும் நீண்ட இரும்புத் தண்டுதான் ஜாயிண்ட். நான் மறுத்தேன். கல்லூரி மேடைகளில் தோற்றறியாத நாவு என்னுடையது. உரிமையாளர் இல்லாத இடத்தில் ஓர் ஆணியையேனும் தொடுவது முறையா? பழுதானது கிளட்ச் என்றால், நலமாயிருக்கும் உறுப்பை அவிழ்ப்பானேன்? அவிழ்த்ததில் ஒன்று தொலைந்தால் பொறுப்பேற்பவர் யார்? மூன்று வினாக்களையும் ஏற்ற இறக்கத்தோடு அடுக்கினேன். அவர் இரு கைகளையும் தூக்கினார்.

"அம்புட்டுத்தான் தம்பி, நான் தோத்துட்டேன். போயி ஒரு டீயக் குடிச்சிட்டு வாங்க."

குடித்தேன், வெற்றியின் தேநீர் அது. திரும்பியபோது வண்டி தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. வழிநெடுக அவர் சட்டைக் கையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்ததைக் கண்டேன், பொருட்படுத்தவில்லை. வீட்டு வாசலில் வண்டியை இறக்கியதும், "அக்காவ அடியில ஒரு தரம் பாக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிற்பகலில் அக்கா வந்தாள். கொக்கி பற்றிய இடத்தையும் சங்கிலி உரசிய தடத்தையும் விரலால் தடவினாள். டயர்களின் உட்புறம் பார்த்தாள். பட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி ஓசை கேட்டாள். அத்தகைய கவனத்தை நான் எந்த நடுவரிடமும் கண்டதில்லை.

"ஜாயிண்ட்டக் கழட்டித்தான இழுத்தாரு?"

"இல்லக்கா. நான்தான் வேணாம்னேன்."

அவள் கை நின்றது. "சக்கரம் உருண்டா அந்தத் தண்டும் சுத்தும்டா. எஞ்சின் ஓடாம இம்புட்டுத் தூரம் சுத்துனா, உள்ள எண்ணெ ஏறாம கியர்பாக்ஸே கருகிரும். அவரு ஒண்ணுஞ் சொல்லலையா?"

"சொன்னாரு. பேசி ஜெயிச்சுட்டேன்."

"ஜெயிச்சியா? அப்ப நாளைக்குத் தார நீயே தலையில சொமந்துட்டுப் போ."

அவளுடைய பிழைப்பு முழுதும் அந்த ஒரு வண்டி. உயர்த்திய வண்டியாதலால் ஜாக்கி வைக்காமலே அடியில் நுழைந்தாள். அவள் பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவை அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு உள்ளிருந்து சிரிப்பு கேட்டது. "உள்ள வாடா, ஜெயிச்சவனே."

மல்லாந்து ஊர்ந்து அவளருகே படுத்தேன். தண்டின் பின்முனை கழற்றப்பட்டு, நைலான் கயிற்றால் வண்டியின் சட்டத்தோடு அசையாமல் கட்டப்பட்டிருந்தது. பக்கத்தில், இறுக முடிந்த அவருடைய கழுத்துத் துண்டு. அக்கா முடிச்சை அவிழ்க்க, நான்கு போல்ட்டுகளும் நான்கு நட்டுகளும் என் உள்ளங்கையில் விழுந்தன. நான் தேநீர் குடித்த நேரத்தில், புழுதியில் படுத்து அவர் செய்த வேலை. ஒன்றும் தொலையவில்லை.

படுத்தபடியே அக்கா அவருக்குப் போன் போட்டாள். "அண்ணே, எந் தம்பிகிட்ட தோத்துட்டீங்களாமே?"

"ஆமாத்தா" என்று ஸ்பீக்கரில் அவர் சிரித்தார். "அருமையா பேசுச்சு. அதுக்காக வண்டிய எரிய விட முடியுமா?"

துண்டைத் துவைத்து மறுநாள் நானே எடுத்துச் சென்றேன். வழியெல்லாம் ஒரு நன்றியுரையைச் செதுக்கிக்கொண்டே போனேன். அவர் முன் நின்றபோது, "அண்ணே" என்ற ஒரு சொல்தான் வந்தது.