சின்னத் தோட்டத்தின் தடுப்புச் சுவர்

பசை காயாததுதான் அந்த வாரம் எனக்கும் என் கணவருக்கும் இருந்த பெரிய கவலை. குன்னூரில் மழை பிடித்தால் துவைத்த துணியே காயாது, மரப்பசை எப்படிக் காயும்? ஊட்டியில் விடுதி நடத்தும் ஒருவர், தன் முன்கூடத்தில் வைக்க ஒரு சின்ன ரயில்பாதை செய்து தரச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை அவருடைய வேன் வந்துவிடும். வெள்ளிக்கிழமை மதியம்வரை அந்த ரயில்பாதைத் தோட்டத்தில் நான் ஒட்டிய புல் பாதி ஈரமாகவே கிடந்தது.

பொம்மை ரயில் என்று சொன்னால் என் கணவருக்குப் பிடிக்காது. மாடல் என்பார். அருவங்காட்டில் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தண்டவாளம், எஞ்சின், நடைமேடை எல்லாம் அவர் கைவேலை. ரயில் போகிற வழியில் உள்ள செடிகொடி என் பாடு. முதல் மாடலுக்குத் தரையெல்லாம் அவரே பச்சை பெயிண்ட் அடித்து, பிளாஸ்டிக் மரங்களை நட்டு வைத்திருந்தார்.

"இதுல டேபிள் டென்னிஸ் ஆடலாமுங்க" என்றேன்.

"அப்ப நீயே பண்ணு" என்று பலகையை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அப்படி ஆரம்பித்தது. நிஜப் பாசியைப் பறித்து வந்து ஒட்டினால் கொஞ்ச நாள் சோலைக்காடு போல இருக்கும், பிறகு பழுப்பாகி உதிரும் என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பழைய மெத்தையின் ஸ்பாஞ்சைத் தண்ணீர் விட்டு மிக்ஸியில் அடித்து, துணிச்சாயத்தில் ஊறவைத்துக் காயவைத்தால் புதர். சாயம் போட்ட மரத்தூள் புல்வெளி. கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளில் சிலது, தேடிப் பொறுக்கினால், வயசான பெரிய மரம் மாதிரியே கிளை விரித்திருக்கும். ஹைட்ரேஞ்சியாப் பூக்கொத்துக்கு ஊதா நூலைப் பொடிப்பொடியாக நறுக்குவேன். பாத்திக்கு வேண்டிய செம்மண்ணை டீ வடிகட்டியில் சலித்து வாணலியில் வறுப்பேன். வறுக்காவிட்டால் அதிலிருந்து பூச்சி கிளம்பும்.

அளவு விஷயத்தில் அவர் விடமாட்டார். அந்த உலகத்தில் ஒரு ஆள் என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். சாமந்தி என்று நான் வைத்ததைக் குனிந்து பார்த்து, "இது பூவா, பூசணிக்காயா?" என்பார். பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்வேன்.

விடுதிக்காரர் கேட்டது மலைச்சரிவில் ஒரு பங்களா, அதன் கீழே ஸ்டேஷன். இரண்டையும் இரண்டு பலகைகளில் தனித்தனியாகச் செய்து, கடைசியில் பொருத்துவதாக ஏற்பாடு. இரண்டும் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தன. பங்களாத் தோட்டத்தைப் படிப்படியாக அமைத்து, ஒவ்வொரு படிக்கும் ஓட்டுச்சில்லு நொறுக்கித் தடுப்புச் சுவர் கட்டினேன். நல்லாத்தான் வந்திருந்தது. என் கணவர் பார்த்துவிட்டு, "தண்ணி வடியறதுக்கு ஓட்டை எங்க?" என்றார்.

"இத்தினியூண்டு செவுத்துல ஓட்டைய யாருங்க பாக்கப் போறாங்க?"

"மலையில இருக்கறவன் பாப்பான். ஓட்டை இல்லாத செவுரு நிக்காது."

ஊசியைச் சுட்டு, சில்லுகளுக்கு இடையிலிருந்த பசையில் அவரே வரிசையாகத் துளை போட்டார். துளை மட்டும் போதாது, தண்ணீர் வழிந்த கறையும் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கறை கறுப்பா, பாசிநிறமா, எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பார்த்து வரத்தான் அந்த வெள்ளிக்கிழமை குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனேன்.

சரிவை வெட்டிக் கட்டிய இரண்டு வீடுகளில் எங்களுடையது ஒன்று. இரண்டுக்கும் பின்னால் ஒரே தடுப்புச் சுவர், ஆள் உயரத்துக்கு மேல். சுவருக்கு மேலே மண்மேடு, அதற்கும் மேலே தேயிலை. மழைக்காலத்தில் அந்தச் சுவரின் துளைகள் குழாயைத் திறந்துவிட்டது போல ஊற்றும். சமையலறையில் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அன்று சத்தமில்லை. மழை கொட்டுகிறது, ஒரு துளையிலும் ஒரு சொட்டு இல்லை. சுவரின் அடியில் மட்டும் கலங்கல் தண்ணீர் கசிந்து பரவிக்கொண்டிருந்தது. சுவரின் நடுப்பகுதி வயிறு போல முன்னால் தள்ளியிருப்பதாகப் பட்டது. என் கண்ணின் கோளாறோ என்று ஓரத்தில் போய், கன்னத்தைக் கல்லில் வைத்து நீளவாக்கில் பார்த்தேன். தள்ளித்தான் இருந்தது.

உள்ளே ஓடினேன். அவர் பங்களா வேலியை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"சித்த இரு, இதைப் புடிச்சிட்டிருக்கறேன்ல."

"வேலி கெடக்கட்டுங்க. வாங்க."

என் குரலைக் கேட்டு எரிச்சலோடு எழுந்து வந்தார். ஒரு துளைக்குள் நீளமான கம்பி ஒன்றை விட்டார். முழுக் கம்பியும் சேற்றில் இறங்குவது போல இறங்கியது. கம்பியை அப்படியே விட்டுவிட்டு, உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் எரிச்சல் இல்லை. அதுவரை, ஒன்றுமில்லாததற்குக் கூப்பிட்டாய் என்று திட்டுவார் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

"பக்கத்து ஊட்டுல சொல்லு. இப்பவே கெளம்பச் சொல்லு" என்றார்.

பக்கத்து வீட்டில் ஓர் இளம்பெண்ணும் அவள் மாமியாரும் மட்டும் இருந்தார்கள். அவள் புருஷன் வேலைக்குப் போயிருந்தான். மாமியாருக்கு இடுப்பெலும்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கட்டிலைவிட்டு இறங்குவதில்லை.

"இந்த மழையில எங்கக்கா போறது? அவரு ஷிஃப்ட் முடிஞ்சு வரட்டும். அத்தையத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க்கா."

"அவரு வர்ற வரைக்கும் செவுரு நிக்காது கண்ணு."

கட்டிலில் இருந்த அம்மாள் என்னைப் பார்த்து, "வருசா வருசம் மழை பேஞ்சிட்டுத்தான இருக்குது? பயமா இருந்தா நீங்க போங்க. நான் வரல" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நேரத்தில் பின்பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. இடி இல்லை. கல்லைக் கல்லின் மேல் வைத்து யாரோ மெதுவாக அரைப்பது போன்ற சத்தம். மறுபடி கேட்டது.

அந்த அம்மாள் கண்ணைத் திறந்தார். "சேரை எடுத்துட்டு வாங்க" என்றார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, புடவையால் கட்டினோம். அதற்குள் வந்து சேர்ந்த என் கணவர் முன்னால் பிடிக்க, நாங்கள் இரண்டு பேரும் பின்னால் பிடித்துத் தூக்கினோம். சாலைக்கு இறங்கும் படிகளில் தண்ணீர் ஓடியது. கால் வைக்கும் கல் தெரியவில்லை. நாற்காலி குலுங்கும்போதெல்லாம் அந்த அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினார், ஆனால் ஒரு தடவைகூட அலறவில்லை. சாலையோரத்து டீக்கடைக்குள் நாற்காலியை இறக்கிவிட்டு நிமிர்ந்தேன். என் கணவரைக் காணோம்.

அவர் மறுபடி படியேறிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க! வேண்டாமுங்க! ஏனுங்க!"

மழையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பின்னால் ஓடப் போனேன். பக்கத்து வீட்டுப் பெண் என் முந்தானையைச் சேர்த்துப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டாள். அவர் வீட்டுக்குள் போனார். கதவு திறந்தபடி இருந்தது. அந்த இருட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். எதை எடுக்கப் போனார் என்று தெரியும். தெரிந்ததால் ஆத்திரமும் பயமும் ஒன்றாக வந்தன.

முதலில் பலகையின் விளிம்பு வெளியே வந்தது, பிறகு அவர். பலகையைச் சாய்த்து மார்போடு அணைத்திருந்ததால் படி அவருக்குத் தெரியவில்லை. காலால் துழாவித் துழாவி இறங்கினார். பாதி வழியில் வரும்போது சுவர் போனது. ஓடுகள் உடையும் சத்தம் மட்டும்தான் தனியாகக் கேட்டது. மற்றதெல்லாம் ஒரே முழக்கம். கூரையின் பின்பாதி உள்வாங்கிச் சரிந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே வேகத்தில், அடுத்த படி, அடுத்த படி என்று வந்து, கடை பெஞ்சில் பலகையை வைத்தார்.

அவர் கொண்டுவந்தது ஸ்டேஷன் இல்லை. என் தோட்டம். அதுவும் கரைந்துகொண்டிருந்தது. பசை வெள்ளையாக வழிந்தது, புல் மொத்தமாக ஓரத்துக்கு நகர்ந்துவிட்டது, பாதி மரங்கள் வழியிலேயே விழுந்துவிட்டன. பச்சைச் சாயம் அவர் சட்டையெல்லாம் இறங்கியிருந்தது. நான் அவரை அடித்தேன். கடைக்காரரும் ரோட்டில் நின்றவர்களும் பார்க்க, தோளிலும் மார்பிலும் மாறி மாறி அடித்தேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. அவர் தடுக்கவில்லை.

மழை தணிந்ததும் தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். எங்கள் பின்னறையும் சமையலறையும் மண்ணுக்குள் போயிருந்தன. பக்கத்து வீட்டில், அந்த அம்மாள் படுத்திருந்த கட்டிலின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. அந்தப் பெண்ணின் புருஷன் வந்து அதைப் பார்த்துவிட்டு, ரோட்டோரமாகவே உட்கார்ந்துவிட்டான்.

வெலிங்டனில் என் தங்கை வீட்டில் தங்கினோம். நான் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். ஒருநாள் நான் கேட்காமலே அவர் சொன்னார்.

"ஒண்ணைத்தான் தூக்க முடிஞ்சுது. ஸ்டேஷன நான் திருப்பிப் பண்ணிருவேன். உன்ற தோட்டத்த எனக்குப் பண்ணத் தெரியாது."

அதைக் கேட்டு என் மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை.

"உங்கள நான் எங்க போயித் திருப்பிப் பண்றதுங்க?" என்று கேட்டேன்.

அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "இனிமே போகமாட்டேன்" என்றார். அன்றிலிருந்து பேச ஆரம்பித்தேன்.

விடுதிக்காரர் சேதி கேட்டுப் பதறி, அவசரமே இல்லை என்றார். அடுத்த கோடையில், பின்னால் சரிவே இல்லாத ஒரு வாடகை வீட்டில் எல்லாவற்றையும் புதிதாகச் செய்து கொடுத்தோம். ரயில் நன்றாகவே ஓடியது. ஆனால் பெருமழை பிடித்த நேரத்தில் அவர் வாசல் பக்கம் போனால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

"எங்க போறீங்க?"

"பால் வாங்கறதுக்கு."

"மழை விட்டதும் போங்க" என்று நிறுத்திவைக்கிறேன். அவரும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.