வேர்ப்புழுவும் அக்காவின் இடது கண்ணும்

எங்கள் ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தில் அத்தானுக்கு வேர்ப்புழு என்று பெயர். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அதன் வேரைத் தோண்டிக்கொண்டே கிடப்பார். இருபத்திரண்டு வருஷம் தலைமைப் பதிப்பாசிரியர் நாற்காலியைத் தேய்த்ததில் அவர் கற்றது அது ஒன்றுதான். அவருக்குக் கீழே நான் மெய்ப்புத் திருத்துகிறேன். அக்காவைக் கட்டிக்கொடுத்த பாவத்துக்கு அவர் வீட்டுக்குப் போனாலும் அந்தப் பிரசங்கத்தைக் கேட்டாக வேண்டும்.

அக்கா சட்டைக் கடைகளுக்குத் தைத்துக் கொடுப்பவள். போன வருஷம் அவளுடைய இடது கண்ணுக்குள் அழற்சி வந்து, மருந்தில் அடங்கியது. மருத்துவர் சீட்டில் 'குவையெசன்ட்' என்று எழுதி, மூன்று மாதம் கழித்துக் கட்டாயம் வரச் சொன்னார்.

சீட்டைப் பார்த்ததும் அத்தானுக்கு வாயெல்லாம் பல்.

"லத்தீன்ல க்வியெஸ்னா ஓய்வு. 'குவையட்'டுக்கும் அதுதான் வேர். அசையாம, சத்தமில்லாம இருக்கிறதுன்னு அர்த்தம். நோய் ஓய்வெடுக்கப் படுத்துடுச்சு. படுத்தவன எதுக்குப் போய் எழுப்பணும்? ஆஸ்பத்திரியெல்லாம் வேண்டாம்."

சீட்டை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டியும் விட்டார்.

ஐந்தாம் மாதம் அக்கா ஊசியில் நூல் கோக்கத் திணறினாள்.

"ஏங்க, ஒரு பக்கம் புகை மூட்டமா இருக்கு. ஒரு எட்டு டாக்டரப் பாத்துட்டு வந்துடலாமா?"

"அவர் எழுதின வார்த்தைய விட உனக்கு அதிகம் தெரியுமோ?" என்று கேட்டுவிட்டுச் சாப்பாடு போடச் சொன்னார்.

"படிச்சவர் சொன்னா சரியாத்தான்டா இருக்கும்," என்றாள் அக்கா என்னிடம். நானும் தலையாட்டினேன். என் புத்தியும் அப்போது மேயப் போயிருந்தது.

இரண்டு வாரத்தில் 'கியூ' எழுத்தின் மெய்ப்பு வந்தது. எங்களிடம் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை உண்டு. பொருள், பிறப்பு, பயன்பாடு என்று மூன்று பகுதி. மெய்ப்பை அட்டையோடு ஒப்பிடுவது என் வேலை. 'குவையெசன்ட்' அட்டையை உருவினேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அத்தானே முத்து முத்தாக எழுதியது. பொருளும் பிறப்பும் வீட்டில் அளந்தபடியே இருந்தன. பயன்பாட்டில் இப்படி எழுதியிருந்தார்: 'தற்காலிகமாக அடங்கியிருப்பதற்கே பெரும்பாலும் வழங்கும். எ-டு: எரிமலை இப்போது அடங்கியிருக்கிறது, மீண்டும் வெடிக்கக்கூடும். நோய்க்கும் அவ்வாறே.'

அடப்பாவி! தெரியாமல் செய்தவனையாவது மன்னிக்கலாம். இந்த ஆளுக்கு வேரைச் சொல்லித் தன்னைத் தானே மெச்சிக்கொண்டதிலேயே வயிறு நிறைந்துவிட்டது. அட்டையை அவர் முன்னால் போட்டேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"பயன்பாடு காலத்துக்குக் காலம் மாறும்ப்பா. வேர்தான் நிக்கும்."

தூ! விடுப்புகூட எழுதிக் கொடுக்காமல் ஓடி, அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு என்மேல் எரிந்து விழுந்தார். இடது கண்ணில் போன பார்வை போனதுதான். அழற்சி வலது கண்ணுக்கும் வரக்கூடும், அதையாவது காப்பாற்ற மாதாமாதம் வர வேண்டும் என்றார். அக்கா அழவில்லை, நான்தான் அழுதேன்.

வீடு திரும்பியபோது அத்தான் பேனாவும் காகிதமுமாக வாசலிலேயே நின்றார். வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இப்ப என்னன்னு எழுதியிருக்காரு?"

"லேட்டா வந்துட்டீங்கன்னாருங்க," என்றாள் அக்கா. "அதுக்கு எனக்கே அர்த்தம் தெரியும்."

உள்ளே போய்த் தையல் மெஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். மறுபக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். என் வீடு மூன்று தெரு தள்ளித்தான்.