கித்தா குழுவின் ஒரே பாட்டு

உடையப்பன் தன் வாழ்நாளில் நாற்பத்து மூன்று பாட்டுகள் எழுதி, தானே மெட்டும் போட்டான். அதில் நாற்பத்திரண்டை இப்போது பாடச் சொன்னால் அவனுக்கே பாதியில் நின்றுவிடும். மிச்சம் ஒன்றே ஒன்று. எண்பதுகளில் ஈப்போ வட்டாரத்துக் கல்யாணங்களில் அந்த ஒன்றைப் பாடாமல் அவனை மேடையை விட்டு இறங்க விட்டதில்லை. வாரத்தில் ஆறு நாள் டயர் கடையில் கறுத்த கையோடு நிற்பவன், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையும் மைக்குமாக மேடையேறுவான். இரண்டு பாட்டு முடிவதற்குள் பந்தியிலிருந்து யாராவது ஒருவர் எச்சில் கையைத் தூக்கிவிடுவார்.

"அண்ணே, அந்த மாரி பாட்ட எடுத்து வுடுங்கலா!"

சாமி வந்து எழுதின பாட்டு என்று ஒரு கூட்டம் சொல்லும். மலாய்க்காரர்களிடம் திருடின மெட்டு என்று இன்னொரு கூட்டம் சொல்லும். பாட்டு தொடங்கிவிட்டால் இரண்டு கூட்டமும் சேர்ந்துதான் ஆடும். அது எங்கிருந்து வந்தது என்பது மட்டும் இரண்டு கூட்டத்துக்கும் தெரியாது.

ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகும் பாதையில் வெள்ளாத்துத் தோட்டம் என்று ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. உடையப்பன் பிறந்து வளர்ந்தது அங்கே, தொழிலாளர் வரிசை வீடுகளில் மூன்றாம் லயத்தில். படிப்பு சுமார், உயரம் சுமார், பேச்சு அதைவிடச் சுமார். ஆண்டவன் தாராளமாகக் கொடுத்தது காது ஒன்றைத்தான். தோட்டத்து ஆபீஸ் கிராணி வீட்டு ரேடியோவில் மலாய்ப் பையன்கள் மின்சாரக் கித்தார் வாசித்தால் இங்கே இவன் கால் தாளம் போடும். கடைக்காரச் சீனர் கருவாடு நிறுக்கும்போது கேட்கும் கண்டனீஸ் பாட்டில், பெண்குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகுமே, அதைக் கேட்பதற்காகவே தினமும் சீனர் எடையில் கால் கட்டி உப்பு வாங்கப் போவான். வீட்டில் உப்பு மலையாய்க் குவிந்து அம்மா செல்லாயியிடம் அடி வாங்கியதும் உண்டு. இதற்கெல்லாம் மேலே சின்னையாவின் தப்பு மேளம். சாவானாலும் சாமியானாலும் சின்னையா தப்பை எடுத்தால் தோட்டமே நிமிர்ந்து உட்காரும். இவன் எதையும் யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. எல்லாம் மரத்தில் கட்டின மங்குக் கோப்பையில் காய்ந்த ஒட்டுப்பால் மாதிரி தானாக ஒட்டிக்கொண்டது.

ஒட்டினதில் ஒரு தப்பும் ஒட்டியது. பக்கத்தில் கம்பம் என்று சொல்லும் மலாய்க் கிராமத்தில் கல்யாணம் என்றால் பாட்டுச் சத்தம் லயம் வரைக்கும் வரும். அதில் அடிக்கடி "மாரி, மாரி" என்று கேட்கும். மலாயில் மாரி என்றால் 'வா' என்று அர்த்தம். ஏழு வயது உடையப்பனுக்கு அது எப்படித் தெரியும்? மலாய்க்காரர்களும் நம்ம மாரியாத்தாளைத்தான் பாடிக் கும்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். "உங்க கோயில்ல எப்ப கூழு ஊத்துவீங்க?" என்று கம்பத்துப் பையன் ஒருவனிடம் அக்கறையாக விசாரிக்கவும் செய்தான். அந்தப் பையன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். தப்பு தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்தச் சொல் இரண்டு பக்கமும் ஒலித்துக்கொண்டு அவனுக்குள்ளேயே தங்கிவிட்டது.

எழுபத்து மூன்றில் குழு சேர்ந்தது. கித்தார் ஸ்கந்தராஜா, ஈப்போ ரயில் ஆபீசில் கிளார்க். யாழ்ப்பாணத்துக் குடும்பம். வீட்டில் தேவாரம், அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வெள்ளைக்காரப் பாட்டு. டிரம் ஆ லியோங், மோட்டார் பட்டறைக்காரன். தமிழில் அவனுக்குத் தெரிந்தது மூன்றே சொல்: "அடி", "மெதுவா", "சாப்பாடு". ஒரு குழுவுக்கு அது போதும் என்று நிரூபித்தவன் அவன். தப்புக்குச் சின்னையா. பாட உடையப்பன், அப்போது தோட்டத்தில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிறவன்.

டிரம்மின் முகத்தில் 'கித்தார் குழு' என்று எழுதச் சொல்லி ஈப்போவில் பெயர்ப்பலகை எழுதும் சீனர் ஒருவரிடம் கொடுத்தார்கள். அவர் எழுத்துகளைப் பெரிசு பெரிசாகப் போட்டு, இடம் பற்றாமல் 'ர்' என்ற எழுத்தை விட்டுவிட்டார். 'கித்தா குழு' என்று ஆகிவிட்டது. தோட்டத்தில் ரப்பருக்குக் கித்தா என்றுதான் பெயர். பால் மரம் வெட்டுகிற தோட்டத்துக் குழுவுக்கு இதைவிட நல்ல பெயரை யோசித்தும் வைக்க முடியாது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பயிற்சிக்கு இடம் ஆயாக்கொட்டகை. வார நாளில் கைக்குழந்தைகள் கிடக்கும் இடம், ஞாயிறு மத்தியானம் காலி. சாவி மாரியம்மாவிடம் இருந்தது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் அவள். கதவைத் திறந்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள், முடிந்ததும் பூட்டிக்கொண்டு போவாள். வெள்ளை ரப்பர் செலிப்பர், இடது கால் வார் அறுந்து ஒரு ஊக்கு குத்தியிருப்பாள். நடந்தால் அந்தக் கால் லேசாக இழுபட்டு, செம்மண்ணில் ஒரு கோடு விழும். எந்த வழியாக அவள் போனாள் என்று உடையப்பனால் கோட்டைப் பார்த்தே சொல்ல முடியும். அவளிடம் சொல்லத்தான் முடியவில்லை. மேடையில் புலி, அவள் முன்னால் வாயில் கொழுக்கட்டை. அவள் அப்பா மாயாண்டி தோட்டத்துக் கங்காணி, கோயில் தலைவரும் அவர்தான். "கங்காணி வூட்டுல போயி பொண்ணு கேக்கவா? நான் மாட்டேண்டா சாமி" என்று செல்லாயி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

அப்போதுதான் அந்தச் சொல் அவனுக்கு உதவிக்கு வந்தது. மாரி மாரி என்று பாடினால் அவளுக்குப் புரியும். மாயாண்டி கேட்டால் மலாய்ப் பாட்டு என்று சொல்லிக்கொள்ளலாம். தப்பின் அடியை எடுத்தான், கம்பத்துக் கல்யாணத் துள்ளலை அதில் ஏற்றினான், கடைசியில் குரலைக் கண்டனீஸ் பெண் மாதிரி வழுக்கவிட்டான்.

மாரி மாரி, மனசு கேக்குது மாரி,
மழைக்கு முந்தி வந்து நில்லு மாரி!

எழுபத்து நாலு ஆடித் திருவிழா, மஞ்சள் நீராட்டு நாள், மத்தியானம். பந்து விளையாடும் பாடாங்கு மைதானத்தில் மேடை போட்டிருந்தது. உடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். நடந்தது மூன்று. வேடிக்கை பார்க்க வந்திருந்த கம்பத்துக்காரர்கள் தங்களைத்தான் 'வா வா' என்று கூப்பிடுகிறான் என்று மேடைக்கு முன்னால் வந்து ஆட ஆரம்பித்தார்கள். மாயாண்டி மாரியம்மன் பாட்டு என்று நினைத்து, கண்ணில் நீர் வழிய மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "ஒனக்கு ஆத்தா அருள் இருக்குடா!" என்றார்.

மூன்றாவது, மாரியம்மா. அடுத்த ஞாயிறு கொட்டகைக் கதவைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"நல்லா இருந்திச்சு. அது மலாய்ப் பாட்டா, சாமிப் பாட்டா?"

உடையப்பனுக்கு எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "சாமிப் பாட்டுதான்" என்று சொல்லிவிட்டான். அவள் தலையாட்டிவிட்டுப் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அவன் பட்ட பாடு கொஞ்சமா? செவ்வாய், வெள்ளி கோயிலில் வந்து பாடச் சொன்னார்கள். மாயாண்டி பக்கத்தில் நின்று தாளம் போடுவார். பக்திமான் என்று பெயர் வந்துவிட்டதால், ஒரு பீர் வாங்கினால்கூடக் கடைக்காரத் தவுக்கே முறைத்தான். இப்படியே பத்து மாதம் போயிற்று. எழுபத்தைந்து ஆடி நெருங்கும்போது மாயாண்டியே வந்து அந்தச் செய்தியைச் சொன்னார்.

"பீடோர்லேருந்து மாரியம்மாவ பாக்க வாராங்க. மாப்பிள்ளை பேரு ராமையா, லோரி ஓட்டுறான். திருவிழா அன்னிக்கே வரச் சொல்லிட்டேன். புடிச்சிருந்தா அங்கேயே வெத்தல பாக்கு மாத்திக்க வேண்டியதுதான். நீ அந்த ஆத்தா பாட்ட நல்லா பாடணும், என்னா?"

அன்றைக்குப் பயிற்சியில் உடையப்பனுக்குக் குரலே எழும்பவில்லை. ஸ்கந்தராஜா கித்தாரைக் கீழே வைத்துவிட்டு, விஷயத்தைக் கறந்துவிட்டான். கேட்டு முடித்ததும் அவன் சொன்னதுதான் உடையப்பன் பாட்டெழுதக் கற்ற ஒரே பாடம்.

"உம்முடைய பாட்டில பேர்தான் இருக்கு காணும், ஆள் இல்லை. ஆரும் வந்து நிக்கலாம். அம்மனும் நிக்கிறா, மலாய்க்காரரும் நிக்கினம். அந்தப் பிள்ளையிட்ட மட்டும் இருக்கிற ஒரு சாமானை எடுத்து உள்ளுக்கு வையும். வைச்சா ஒருதருக்கும் சந்தேகம் வராது."

"வச்சா கங்காணி மாமா என்னைய வெட்டிடுவாருலா."

"வைக்காட்டிப் பீடோர் லொறியில அவள் போயிடுவாள். எது வேணும் எண்டு நீரே பாரும்."

ஆ லியோங்குக்கு என்ன புரிந்ததோ, "அடி" என்று சொல்லித் தலையாட்டினான். இரண்டு ஞாயிறு புது வரிகளைப் பாடிப் பழகினார்கள். கதவு திறந்துதான் கிடந்தது. மாரியம்மா வழக்கம் போலப் படியில் உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

திருவிழா வந்தது. முன் வரிசை நாற்காலியில் ராமையாவும் அவன் அம்மா கருப்பம்மாளும் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மாரியம்மா மோர்த் தட்டோடு தண்ணீர்ப் பந்தலில் நின்றாள். சின்னையா தப்பைத் தட்டியதும் வேறு வழியில்லை, உடையப்பன் பாடினான். கம்பத்துக்காரர்கள் ஓடி வந்து ஆடினார்கள். மாயாண்டி மேடைக்குப் பக்கத்தில் கண்மூடிக் கைகூப்பி நின்றார். முதல் பாதி வழக்கம் போல முடிந்தது.

செலிப்பருக்கு ஊக்கு குத்தி
செம்மண் ரோட்டில் வார மாரி,
எடது காலு போட்ட கோட்ட
எண்ணி எண்ணி வாரேன் மாரி!

மாயாண்டியின் கண் திறந்தது. கை கூப்பியபடியே இருந்தது.

"நிறுத்துடா!" என்றார். தப்பு நின்றது, கித்தார் நின்றது. தமிழ் புரியாத ஒரு மலாய்ப் போலீஸ்காரர் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்.

"ஆத்தா எப்படா செலிப்பர் போட்டா?"

பதிலைக் கண்டுபிடித்தது கருப்பம்மாள்தான். அந்த அம்மாவின் பார்வை மெல்லத் திரும்பி, தண்ணீர்ப் பந்தல் பக்கம் போய், கீழே இறங்கியது. பின்னாலேயே பாடாங்கு முழுக்க இருந்த தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பட்டுச் சேலைக்குக் கீழே பழைய வெள்ளைச் செலிப்பர். இடது கால் வாரில் ஊக்கு வெயிலில் மின்னியது.

மாயாண்டி பந்தல் பக்கம் திரும்பினார். "ஈப்போல வாங்கிக் குடுத்தனே, புதுச் செருப்பு? அது எங்கம்மா?"

"வூட்டுல இருக்குப்பா."

"ஏன் போட்டுட்டு வரல?"

மாரியம்மா மோர்த் தட்டைக் கீழே வைக்கவில்லை, தலையும் குனியவில்லை.

"பாட்டுல இதுதானேப்பா வருது" என்றாள்.

உடையப்பனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஒரு வருஷமாக அவள் எல்லாம் தெரிந்துகொண்டுதான் படியில் உட்கார்ந்திருக்கிறாள். சாமிப் பாட்டா என்று கேட்டதே, அவன் வாயால் இல்லை என்று சொல்ல வைக்கத்தான். அவன்தான் மடையன்.

முதலில் சிரித்தது கருப்பம்மாள். அடக்கப் பார்த்து, முடியாமல், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். "எந்திரிடா ராமையா, போலாம். அந்தப் பொண்ணுக்குப் பாட்டே வந்திடுச்சு. நம்மகிட்ட என்னா இருக்கு, லோரிதானே?" ராமையா நல்ல மனுஷன். போகிற போக்கில் மேடைப் பக்கம் வந்து, "எனக்குப் பொண்ணு அமைஞ்சா நீங்கதாண்ணே வந்து பாடணும்" என்று கை கொடுத்துவிட்டுப் போனான். மறு வருஷம் பீடோருக்குப் போய்ப் பாடினார்கள்.

மாயாண்டி மூன்று மாதம் உடையப்பனோடு பேசவில்லை. விடியற்காலைப் பெரட்டில் வேலையாட்களைப் பேர் கூப்பிடும்போது அவன் பெயர் வந்தால் மட்டும் ஒரு தரம் இருமுவார், அவன் 'ஆஜர்' என்பான். செவ்வாய் வெள்ளி கோயிலில் பாட்டு நின்றது. ஆனால் அந்த மெட்டை யாரால் நிறுத்த முடியும்? பால் மரம் வெட்டும் பெண்கள் நிரைக்கு நிரை அதைத்தான் முணுமுணுத்தார்கள். ஒரு நாள் குளித்துக்கொண்டிருக்கும்போது மாயாண்டியே அதை உரக்கப் பாடிவிட்டு, நடுவில் நிறுத்தி யாராவது கேட்டார்களா என்று எட்டிப் பார்த்ததாக லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

தீபாவளி கழிந்து ஒரு ஞாயிறு மத்தியானம், பயிற்சி நடுவில், அவர் ஆயாக்கொட்டகைக்குள் வந்து நின்றார். எல்லாரும் எழுந்துகொண்டார்கள். ஆ லியோங் பயத்தில் "சாப்பாடு?" என்று கேட்டான். மாயாண்டி அதைக் கவனிக்கவில்லை. சுவரில் தொங்கிய ஏணைத் துணிகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தையில நாள் பாக்கச் சொல்லியிருக்கேன். ஒங்கம்மாவ வூட்டுக்கு வரச் சொல்லு. ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடுறேன். வெளிய நீ எப்படி வேணா பாடிக்க. கோயில் மேடையில ஏறினா, செலிப்பர கழட்டிட்டுத்தான் பாடணும்."

உடையப்பன் குனிந்து தன் வெறுங்கால்களைப் பார்த்தான். ஒன்றும் விளங்காமல் மாயாண்டியைப் பார்த்தான். மறுபடி காலைப் பார்த்தான்.

வாசற்படியிலிருந்து மாரியம்மா திரும்பாமலே சொன்னாள்: "ஒன்னோடத இல்லலா. பாட்டுல வார என்னோடத சொல்றாரு."